அப்பா ஒட்டிய பல்

எங்கள் வீட்டில் எதுவும் உடைந்ததே இல்லை. காது போன கோப்பை, கால் ஆடும் நாற்காலி, வாய் பிளந்த செருப்பு என்று எதைக் கொண்டுபோய் நீட்டினாலும் அப்பா ஒரு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, "உடையல சாமி, உட்டுப்போச்சு" என்று திருத்துவார். அவர் அகராதியில் உடைவது வேறு, விட்டுப்போவது வேறு. விட்டுப்போனதை ஒட்டிவிடலாம். அதற்கென்று பழைய பிஸ்கட் டப்பா ஒன்று நிறையப் பசைகள் வைத்திருந்தார். இரண்டு குழாயிலிருந்து பிதுக்கிக் குழைப்பது, களிமண் மாதிரி உருட்டி அப்புவது, ரப்பருக்கான மஞ்சள் பசை, ஒரு சொட்டு விட்டால் மூச்சு விடுவதற்குள் பிடித்துக்கொள்ளும் தண்ணீர்ப் பசை. நான் இன்று கல்லூரியில் பொருட்களின் தன்மையைப் பற்றிப் படிக்கிறேன். பசைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் விடுதித் தோழிகள் ஒவ்வொருத்தியாக எழுந்து போய்விடுவார்கள். அந்த வியாதி எனக்கு அந்த டப்பாவிலிருந்துதான் தொற்றியது.

அப்பாவுக்குக் கணபதிப் பகுதியில் ஒரு சின்னப் பட்டறை இருந்தது. இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மிஷின். பம்புசெட்டுக்கு வேண்டிய ஷாஃப்ட், புஷ்ஷெல்லாம் கடைந்து கொடுப்பார். அவர் கடைந்ததை அளந்து பார்க்காமலே வாங்கிக்கொள்வார்கள் என்பது வீட்டுப் பெருமை. நான் ஆறாவது படித்த அந்த வருடம் மட்டும் கடைந்து அனுப்பிய சரக்கு ஒன்று அப்படியே திரும்பி வந்தது. அளவு தப்பியிருந்ததாம். "மிஷின் தேஞ்சுபோச்சு" என்றார் அப்பா. ஞாயிற்றுக்கிழமைகளில்கூடப் போய் மிஷினைப் பிரித்துப் பிரித்துப் பூட்டினார்.

மிஷின் தேயவில்லை. அப்பாவின் வலது கை ஆட ஆரம்பித்திருந்தது. சும்மா இருக்கும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து எதையோ உருட்டிக்கொண்டே இருக்கும். மனக்கணக்குப் போடுகிறார் என்று நினைத்துக்கொண்டு நானும் விரலை அப்படி உருட்டிக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், விடை வரவில்லை. அம்மா அவருக்கு மட்டும் காபியை அரை டம்ளர் ஊற்றுவாள். காலையில் அவர் சட்டைக்கு அம்மாதான் பித்தான் போட்டுவிடுவாள். எனக்கு வெட்கமாக இருக்கும், முகத்தைத் திருப்பிக்கொள்வேன். கை போனால் பட்டறை போகும், பட்டறை போனால் இந்த மனுஷன் என்ன ஆவார் என்பதுதான் அந்த நாட்களில் எங்கள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஓடிய பேச்சு. பெரிய டாக்டரிடம் காட்டலாம் என்பாள் அம்மா. கல்யாணம் முடியட்டும் என்பார் அப்பா.

கல்யாணம் மாமாவுக்கு. அம்மாவின் தம்பி. கிணத்துக்கடவில் தென்னந்தோப்பும் வீடுமாக இருந்தார். நாங்கள் போய் இறங்கியதுமே காரின் கதவைத் திறந்துவிட்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"மச்சான் வந்துட்டாருங்க. ஓட்டை ஒடசலெல்லாம் எடுத்து வெளிய வையுங்க."

"மொதல்ல உம்பட வாயத்தான் ஒட்டோணும் மாப்ள" என்றார் அப்பா, வலது கையைப் பேன்ட் பைக்குள் வைத்தபடி. டப்பா காரிலேயே இருந்தது. கல்யாணத்துக்குக்கூட அதை விட்டுவிட்டு வரமாட்டார்.

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. தாலி கட்டுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் பட்டு உடுத்தி, நகை பூட்டி, இன்னொரு கல்யாணப் பெண்ணைப் போலவே மேடைக்கு வருவாள். ஒரே சேலையின் ஒரு முனை அவளிடம், மறுமுனை தம்பியிடம். நாளைக்கு ஒருத்தி வந்தாலும் இவளுக்கும் இந்த வீட்டுக்கும் உள்ளது விட்டுப்போகாது என்று ஊரைக் கூட்டிச் சொல்வது அது. புருஷனோடு வாழ்கிறவள்தான் உட்காரலாம் என்பதும் அதில் ஒரு விதி. மூத்தவளான பெரியம்மாவுக்கு அந்த இடம் பெரியப்பாவோடு போய்விட்டது. அதனால் அம்மா. அன்று மண்டபத்தில் கல்யாணப் பெண்ணைவிட அதிகம் பார்க்கப்படும் முகம் அம்மாவுடையதாகத்தான் இருக்கும்.

அன்று மதியம்தான் பலகாரம் வைத்திருந்த அறையில் பெரியம்மா, "பாகு எப்படி இருக்குதுன்னு சொல்லு" என்று அம்மாவின் வாயில் ஓர் எள்ளுருண்டையைத் திணித்தாள். அம்மா இரண்டு கடி கடித்தாள், நிறுத்தினாள், கல் என்று நினைத்து விரலால் எடுத்தாள். பாகோடு ஒட்டிக்கொண்டு வெள்ளையாக ஒன்று வந்தது. முன்பல்லின் தொப்பி. நான் பிறப்பதற்கு முன்பு ஸ்கூட்டரிலிருந்து விழுந்து உடைந்த பல்லுக்கு ஆர்.எஸ்.புரத்து டாக்டர் போட்ட உறை. அது இருந்த இடத்தில் பென்சில் முனை மாதிரி சீவிய ஒரு பழுப்புக் குச்சி நின்றது. அம்மாவுக்குள் இப்படி ஒரு குச்சி இருப்பது எனக்கு அன்றுவரை தெரியாது. சொல்லக்கூடாது, கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

"ஏனுங்க" என்று அம்மா அப்பாவைத் தன் பக்கம் கூப்பிட்டாள். காற்று கலந்த புதுக் குரல். "கொஞ்சம் இக்கட்டால வாங்க."

ஆர்.எஸ்.புரத்துக்குப் போன் போட்டார்கள். டாக்டர் ஊரில் இல்லை, திங்கட்கிழமைதான் வருவார் என்று ஒரு பெண் சொல்லி வைத்துவிட்டாள். பொள்ளாச்சிக்கு ஓடலாம் என்றார் மாமா. அலங்காரம் செய்கிற பெண் மூன்று மணிக்கு வருகிறாள், அதற்குள் எப்படிப் போய் எப்படித் திரும்புவது. பெரியம்மாவுக்குத் தன் எள்ளுருண்டை செய்த காரியம் தாங்கவில்லை. "சிரிக்காம உக்காந்திருந்தா யாருக்கு அம்மணி தெரியப்போவுது" என்று அம்மாவின் முதுகைத் தடவினாள். தம்பியின் இணைச்சீரில் சிரிக்காமல் உட்கார்ந்திருக்கிற அக்காவைப் பற்றி ஊர் என்னவெல்லாம் பேசும் என்று எல்லோருக்கும் தெரியும். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

அப்பா அந்தப் பல்லை இடது உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டாக்டர் ஒட்டறதும் பசைதானுங்க, நான் ஒட்டறதும் பசைதானுங்க. அவரு கோட்டு போட்டிருக்கறாரு, அவ்வளவுதான் வித்தியாசம்."

"வாய்க்குள்ளயா? இது என்னங்க மாப்ள செருப்பா?" என்றாள் பெரியம்மா.

"உடையலீங்க. உட்டுப்போயிருக்குது."

எல்லோரும் சிரித்துவிடுவார்கள் என்று காத்திருந்தேன். யாரும் சிரிக்கவில்லை. மாமா அப்பாவின் பேன்ட் பையைப் பார்த்தார், உடனே வேறெங்கோ பார்த்தார். கை விஷயம் அவருக்கும் தெரிந்திருக்கிறது. அம்மா அப்பாவின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையை எடுத்தாள்.

"அவரே ஒட்டட்டுங்க அக்கா."

தோப்பின் கோடியில் இருந்த மோட்டார் ரூமுக்குப் போனோம். அங்கே ஜனமில்லை, வெளிச்சம் உண்டு. அம்மா சிமெண்டு மேடையில் உட்கார்ந்து அண்ணாந்துகொண்டாள். நான் அப்பாவின் செல்போனை வாங்கி டார்ச்சைப் போட்டு அம்மாவின் வாய்க்குள் அடித்தேன். எனக்கு இருந்த உற்சாகத்தை இன்றைக்கு எழுதக் கூச்சமாக இருக்கிறது. பொருட்காட்சிக்கு வந்தவள் போலத் துள்ளிக்கொண்டிருந்தேன்.

அப்பா முறைப்படிதான் செய்தார். உறைக்குள் ஒட்டியிருந்த பழைய சிமெண்டை ஊசியால் சுரண்டி எடுத்தார். கழுவினார், துடைத்தார். பசை போடாமல் ஒரு முறை அம்மாவையே மாட்டிப் பார்க்கச் சொன்னார். "எப்பவுமே மொதல்ல வெறுசா போட்டுப் பாக்கோணும் சாமி." கச்சிதமாக உட்கார்ந்தது. உட்கார்ந்த இடத்தில் பல்லுக்கும் பக்கத்துப் பல்லுக்கும் சேர்த்து நான்தான் பென்சிலால் ஒரு கோடு போட்டேன், அவர் சொன்னபடி. குச்சியைச் சுற்றிப் பஞ்சு வைத்து ஈரத்தை உறிஞ்சினார். தண்ணீர்ப் பசையின் குழாயில் பொடி எழுத்தில் இருந்ததை நான் உரக்கப் படித்தேன். கண்ணில் படக்கூடாது, தோலில் படக்கூடாது, குழந்தைகள் கையில் கிடைக்கக்கூடாது.

"வாயைப் பத்தி ஒன்னும் போடலீங்கப்பா."

அம்மா வாயைத் திறந்தபடியே மூக்கால் சிரித்தாள். பஞ்சை மாற்ற வேண்டியதாகிவிட்டது.

உறைக்குள் ஒரு சொட்டு விட்டு, இடுக்கியால் பிடித்து, வலது கையால் வாயருகே கொண்டுபோனார். இடுக்கி அம்மாவின் பற்களில் டக்டக்கென்று தட்டியது. எடுத்துவிட்டார். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு மறுபடி கொண்டுபோனார். மறுபடி டக்டக். அந்தச் சத்தம் எனக்கு வேடிக்கையாக இருந்தது. அப்பாவின் நெற்றியில் வேர்வை. இடுக்கியைக் கீழே போட்டுவிட்டு உறையை விரலிலேயே எடுத்தார். கை இன்னும் ஆடியது. அப்போது அம்மா தன் இரண்டு கைகளாலும் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். வலிக்குமென்று பயப்படுகிறாள், தடுக்கிறாள் என்று நினைத்தேன். தடுக்கவில்லை. அந்தக் கையை இழுத்துத் தன் வாய்க்குள் வைத்துக்கொண்டாள்.

இன்றைக்கு எனக்குத் தெரியும், அந்தப் பசையை இறுகச் செய்வதே ஈரம்தான். காய்ந்த இடத்தில் கொஞ்சம் யோசிக்கும், ஈரம் பட்டால் யோசிக்காது. வாயைவிட ஈரமான இடம் எது. உறை பல்லைப் பிடித்த அதே வேகத்தில் அப்பாவின் ஆள்காட்டி விரலையும் பிடித்துக்கொண்டது.

"ஒட்டிக்கிச்சு" என்றார் அப்பா.

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். டார்ச் வெளிச்சம் கூரையெல்லாம் ஓடியது. அப்பாவும் சிரித்தார். வாயில் விரலோடு அம்மாவும் சிரித்தாள். அப்படியே சிரித்துக்கொண்டிருந்தவளின் கண்ணோரத்திலிருந்து தண்ணீர் இறங்கிக் காதுக்குப் போயிற்று. வலிக்கிறது என்று முடிவு செய்தேன்.

"இருங்க, எண்ணெய் கொண்டாரேன். சுடுதண்ணியும் வேணும்" என்றேன். டப்பாவுக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவளுக்கு அதற்கான வைத்தியம் தெரியாதா.

அம்மாவால் பேச முடியவில்லை. மணிக்கட்டிலிருந்து ஒரு கையை எடுத்து, உள்ளங்கையை என்னை நோக்கிக் காட்டினாள். பொறு. அப்பா விரலை இழுக்கவில்லை. குனிந்தபடி நின்றார், அவர் நெற்றி அம்மாவின் உச்சியில் கிட்டத்தட்டப் பட்டுக்கொண்டிருந்தது. மண்டபத்தில் யாரோ மைக்கில் ஊதி ஊதிப் பார்க்கிற சத்தம் தோப்பு வரைக்கும் கேட்டது. அப்பாவின் கை அசையாமல் இருந்தது.

நான் ஓடினேன். தேங்காய்க்காரர் வீட்டில் எண்ணெய்க்கா பஞ்சம், சமையற்கட்டில் முதலில் கண்ணில் பட்ட கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு, சொம்பில் சுடுதண்ணீரோடு, வழியெல்லாம் சிந்தியபடி திரும்பி வந்தேன். நானே துணியை நனைத்து ஒற்றி, எண்ணெய் விட்டு, விரலை மெல்ல உரித்து எடுத்தேன். கொஞ்சம் தோல் பல்லோடு போயிற்று. "கெட்டிக்காரப் புள்ளை" என்று பெரியம்மா அன்று எல்லோரிடமும் சொன்னாள்.

விரல் வந்தபிறகுதான் பல்லைப் பார்த்தோம். நான் போட்ட பென்சில் கோடு பொருந்தவில்லை. எல்லாப் பற்களும் நேரே பார்க்க, அது மட்டும் யாரோ கூப்பிட்டதுபோல லேசாகத் திரும்பி நின்றது. பக்கத்துப் பல்லைவிட ஒரு துளி இறங்கியும் இருந்தது. அப்பா பார்த்துவிட்டார். இடுக்கியைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். அம்மா செல்போனை வாங்கி அதில் தன் முகத்தை நெடுநேரம் பார்த்தாள்.

"நல்லா உக்காந்திருக்குதுங்க" என்றாள்.

நான் கோட்டைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் காலை மிதித்தாள்.

சாயங்காலம் மேடையில் அம்மா மாம்பழ நிறப் பட்டில் உட்கார்ந்திருந்தாள். சேலையின் முனையை மாமாவிடம் கொடுத்தபோது பல் தெரியச் சிரித்தாள். பொதுவாக அவள் உதட்டோடு சிரிக்கிறவள். அன்று வீடியோக்காரரே சலித்துப்போகிற அளவுக்குச் சிரித்தாள். சீர் முடிந்து இறங்கியதும் உறவுக்காரப் பெண்ணொருத்தி கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "ஏனுங்க, உங்க பல்லு கொஞ்சம் திரும்பியிருக்குதுங்களே" என்று கேட்டேவிட்டாள்.

"அவரு ஒட்டுனதுங்க" என்றாள் அம்மா, நகையைக் கேட்டவர்களுக்குப் பதில் சொன்ன அதே குரலில்.

அந்த வீடியோ இன்றும் இருக்கிறது. மேடைக்குக் கீழே அப்பா நிற்கிறார், பக்கத்தில் நான். எல்லோரும் கைதட்டுகிற இடத்தில் நான் அவருடைய பேன்ட் பைக்குள் இருக்கிற கையைப் பிடித்து வெளியே இழுக்கிறேன். அவர் தரவில்லை. இடது கையால் என் தலையைத் தட்டுகிறார். கோபித்துக்கொண்டு நான் நகர்ந்து நிற்கிறேன். பத்து வயதுக்காரியின் கோபம், படத்தில் தெளிவாகத் தெரிகிறது.

அந்த ஒட்டு அதிக நாள் நிற்கவில்லை. ஒருநாள் காலையில் பள்ளிக்குக் கிளம்புகிற அவசரத்தில் குளியலறைக் கதவைத் தள்ளினேன். கண்ணாடி முன்னால் அம்மா, கையில் டப்பாவிலிருந்து எடுத்த குழாய். வாயில் குச்சி தெரிந்தது. உறையை மாட்டினாள், நேராக உட்கார்ந்தது. உட்கார்ந்ததை விரலால் லேசாகத் திருப்பி, ஒரு துளி இறக்கி, அப்பா ஒட்டிய அதே கோணத்துக்குக் கொண்டுவந்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பாகிட்டச் சொல்லிப்போடாத கண்ணு."

எனக்கு எரிச்சலாக வந்தது. டாக்டரிடம் போனால் நேராக ஒட்டித் தருவாரே, சரி, தானே ஒட்டிக்கொள்கிறவள் நேராகவாவது ஒட்டிக்கொள்ளலாமே. கோணலாக ஒட்டுவதற்கு எதற்கு இத்தனை சிரமம். அம்மாவுக்கு ஊசிக்குப் பயம் என்று தீர்மானித்தேன், பள்ளியில் தோழிகளிடம் அப்படியே சொல்லியும் வைத்தேன்.

அதற்குள் பெரிய டாக்டரிடம் காட்டியிருந்தார்கள். நடுக்கு வாதம் என்று பெயர் சொல்லி அனுப்பியிருந்தார்கள். லேத் இரண்டையும் யாரோ வந்து ஏற்றிக்கொண்டு போனார்கள். அப்பா வீட்டோடு இருந்தார். பித்தான் போடுவது மட்டுமில்லை, பிறகு சோறு பிசைந்து ஊட்டுவதும் அம்மாவின் வேலையாயிற்று. ஆனால் யார் வீட்டுக்கு வந்தாலும் அப்பா அம்மாவைக் கூப்பிடுவார். "இந்தா, சிரி. பாத்தீங்களா, என்னோட கடைசி ஒட்டு. இன்னும் அசையல." அம்மா சிரித்துக் காட்டுவாள். வந்தவர்கள் மெச்சுவார்கள். எத்தனையோ முறை விட்டுப்போய் எத்தனையோ முறை அம்மாவே திருப்பித் திருப்பி ஒட்டிய பல் அது. அவள் மிதிக்காமலே நான் வாயை மூடிக்கொள்ளப் பழகியிருந்தேன். அப்பாவை ஏமாற்றுகிறோம் என்று மட்டும் எனக்குள் உறுத்தும்.

நான் கல்லூரியில் சேர்ந்த வருடம் அப்பா போய்விட்டார். அதற்கும் பிறகுதான் அம்மா என்னோடு ஆர்.எஸ்.புரத்துக்கு வந்தாள். டாக்டர் விளக்கைத் திருப்பி உள்ளே பார்த்தார். ஈறு வெந்திருக்கிறது, வேர் உள்ளே செத்துவிட்டது, பிடுங்குவதைத் தவிர வழியில்லை என்றார். "பசையெல்லாம் போட்டிருக்கீங்க. யாரும்மா இந்த வேலையச் செஞ்சது?"

"எங்கூட்டுக்காரருங்க" என்றாள் அம்மா.

பிடுங்கிய பிறகு வாயில் பஞ்சைக் கடித்தபடி அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நான் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு, ஆட்டோ பிடிக்கவா, தண்ணீர் வேண்டுமா, வலிக்கிறதா என்று அடுக்கிக்கொண்டே போனேன். எனக்கு எப்போதும் எல்லாம் வேகம்தான். பேச முடியாமல் அம்மா உள்ளங்கையை என்னை நோக்கிக் காட்டினாள். பொறு.

மோட்டார் ரூமில் பார்த்த அதே கை. எண்ணெய்க் கிண்ணம் முதலில் போய்ப் பார்த்த இடத்திலேயே இருந்தது நினைவுக்கு வந்தது. அது கிடைக்க இன்னும் கொஞ்சம் நேரமாகியிருக்கக் கூடாதா, அப்பாவும் அம்மாவும் இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்திருப்பார்களே.